ஹீட்டர் பிளக் நாலும் புதுசு, ரிலே 'டிக்'குனு அடிக்குது, ஆனா காலையில ஜீப் ஸ்டார்ட் ஆகலை

பனிக்காட்டான் (கோத்தகிரி)

எல்லாருக்கும் வணக்கம். நம்மகிட்ட இருக்கிறது 90கள் மாடல் டீசல் ஜீப். நாலு சிலிண்டர், இன்டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின். தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற வண்டி, காலையில ஏழு மணிக்குள்ள கிளம்பியாகணும். மார்கழி வந்தாச்சுன்னா இங்க விடியற நேரம் புல்லு மேல உறைபனி படிஞ்சு கிடக்கும். அந்தக் குளிர்லதான் ரகளை.

சாவியைத் திருப்பினா டேஷ்போர்டுல அந்தச் சுருள் லைட் வருது, ஏழெட்டு செகண்ட்ல அணையுது. செல்ஃப் நல்லா வேகமா சுத்துது. ஆனா வண்டி பிடிக்க மாட்டேங்குது. சைலன்சர்ல வெள்ளைப் புகை குப்புனு வருது, கண் எரியுற டீசல் வாசனை. திரும்பத் திரும்ப அடிச்சா ஒரு வழியா ஒண்ணு ரெண்டு சிலிண்டர் பிடிச்சு, வண்டியே குதிக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தா சரியாயிடும். அதுக்கப்புறம் நாள் பூரா சாவியைத் தொட்டாப் போதும், ஸ்டார்ட்.

மெக்கானிக் ஹீட்டர் பிளக் (குளிர்ல டீசல் பத்திக்க சிலிண்டருக்குள்ள சூடேத்துற பிளக்) நாலையும் மாத்திட்டேன்னு சொல்லி காசு வாங்கிட்டார். மாற்றம் ஒண்ணும் இல்லை. பிளக்குக்குக் கரன்ட் விடற சுவிட்சு, அந்த ரிலேயில 'டிக்'குனு சத்தம் வருது, அதனால அது நல்லாத்தான் இருக்குங்கறார். இப்ப டீசல் பீச்சுற நாசில் இறக்கணும், டீசல் பம்பைக் கழட்டி கோயமுத்தூர் அனுப்பணும்னு பேச்சு ஓடுது. அதுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன்.

லோடுமேன்

பம்பெல்லாம் எதுக்கு பாஸ். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ரெண்டு அடி அடிங்க. எந்தக் குளிர்லயும் கிளம்பும்.

ஆம்பியர் (கோவை)

லோடுமேன், அதை மட்டும் சொல்லாதீங்க. அந்த ஸ்ப்ரேயில இருக்கிறது ஈத்தர். ஹீட்டர் பிளக் நுனி 850 டிகிரிக்கு மேல சூடேறி நிக்கிற இடத்துக்குள்ள ஈத்தர் போனா, பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடியே வெடிக்கும். பிஸ்டன் ரிங் உடையும், மேனிஃபோல்டு கிழியும், கையை உள்ள விட்டுட்டு நிக்கிறவன் முகமும் போகும். ஹீட்டர் பிளக் இருக்கிற வண்டியில ஸ்ப்ரே கிடையவே கிடையாதுங்க.

பனிக்காட்டான், உங்க புகை நல்ல சேதிதான் சொல்லுது. வெள்ளைப் புகை வருதுன்னா டீசல் சிலிண்டருக்குள்ள போகுது, ஆனா எரியலைன்னு அர்த்தம். பம்பும் நாசிலும் அதுங்க வேலையைச் செஞ்சுட்டுத்தான் இருக்கு. புகையே இல்லாம செல்ஃப் மட்டும் சுத்துச்சுன்னா அப்ப டீசல் பக்கம் போகலாம். சூடான பிறகு தொட்டா ஸ்டார்ட்ங்கறீங்க, அதனால கம்ப்ரஷனும் ரொம்ப மோசமா இருக்காது. பம்பைத் தொட விடாதீங்க.

அடுத்தது அந்த லைட்டும் 'டிக்' சத்தமும். ரெண்டையும் நம்பாதீங்க. உங்க மாதிரி பழைய வண்டியில டேஷ்போர்டு லைட்டை எரிய வைக்கிறது டைமர். பிளக் நாலையும் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்து சாவியைப் போட்டாலும் லைட் அழகா எரிஞ்சு அழகா அணையும். 'டிக்' சத்தம் வர்றது ரிலேக்குள்ள இருக்கிற காயில் இழுக்கிறதால. காயில் இழுத்து, ரெண்டு கான்டாக்ட் பாயின்ட்டும் ஒட்டுதுங்கறதுக்குத்தான் அந்தச் சத்தம் சாட்சி. ஒட்டின இடத்துல கரன்ட் முழுசாப் பாயுதாங்கறதுக்கு அது சாட்சி இல்லைங்க.

ஒரு கணக்கு. நல்ல 11 வோல்ட் வகை பிளக் ஒண்ணு, போட்ட உடனே 15லிருந்து 20 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். உள்ள ரெண்டு சுருள் இருக்கு. சூடேற சூடேற ரெண்டாவது சுருளோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதனால கரன்ட் தானா இறங்கி 8, 10 ஆம்பியர்ல வந்து நிக்கும். நாலு பிளக்னா தொடக்கத்துல 60லிருந்து 80 ஆம்பியர். இவ்வளவும் அந்த ஒரு ரிலே வழியாத்தான் போகணும். கான்டாக்ட் பாயின்ட் கருகி 0.05 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துட்டாக்கூட, 60 ஆம்பியருக்கு 3 வோல்ட் அங்கயே போயிரும். 0.05 ஓமை நம்ம மல்டிமீட்டர் காட்டவே காட்டாது, மீட்டர் ஒயரே 0.2, 0.3 ஓம் இருக்கும்.

அதனால ஓம்ஸ்ல வைக்காதீங்க. டிசி வோல்ட்ல வச்சு, பிளக் எல்லாம் மாட்டியிருக்கும்போதே, பக்கத்துல ஒருத்தரைச் சாவி போடச் சொல்லி அளங்க. பேட்டரி கம்பத்துல எவ்வளவு, ரிலேக்கு வர்ற தடி ஒயர்ல எவ்வளவு, ரிலேயில இருந்து போற தடி ஒயர்ல எவ்வளவு, பிளக் நாலையும் மேல இணைக்கிற பட்டையில எவ்வளவு. மீட்டரோட கறுப்பு ஒயரை என்ஜின் பிளாக்ல வையுங்க, பாடியில வேண்டாம். வண்டி ராத்திரி பூரா நின்னு குளிர்ந்த பிறகு அளந்தாத்தான் டைமர் முழு நேரம் போடும்.

டீசல் தாத்தா (ஊட்டி)

தம்பி, நாலு இடத்துல மீட்டர் வைக்கிற நேரத்துல நான் குன்னூர் போய்ச் சேர்ந்துடுவேன். இந்த மலையில பாதி ஜீப்புக்கு ரிலேயே கிடையாது. டேஷ்போர்டுல ஒரு பட்டன், பேட்டரியில இருந்து நேரா ஒரு தடி ஒயர். அமுக்கிக்கிட்டு இருபது எண்ணு, செல்ஃப் அடி, கிளம்பு. டைமர் கிடையாது, சென்சார் கிடையாது, கெட்டுப்போக ஒண்ணும் கிடையாது.

குளிர் மட்டும் இல்லை, உயரமும் சேர்ந்துதான் வம்பு பண்ணுது. ஊட்டி 2,240 மீட்டர். கீழ மேட்டுப்பாளையத்துல இருக்கிற காத்தழுத்தத்துல இங்க ஏறக்குறைய அஞ்சுல நாலு பங்குதான். சிலிண்டருக்குள்ள போற காத்தே கம்மி. கீழ ஓடற வண்டிக்கு பிளக் செத்தது டிரைவருக்கே தெரியாது, மேல வந்த முதல் ராத்திரிதான் தெரியும்.

வான்காரன் (யாழ்ப்பாணம்)

அண்ணை, இடையில புகுந்து கேட்கிறதுக்கு மன்னிக்கோணும். எனக்கு அவருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. என்ர வான் ஜப்பான் டீசல், நுவரெலியாப் பக்கம் ஆக்களை ஏத்திக்கொண்டு போய் இரவு தங்கி வாற ஓட்டம். ஹீட்டர் பிளக் புதுசாப் போட்டா கொஞ்ச நாள்தான், பிறகு எரிஞ்சு போகுது. கழட்டிப் பார்த்தா நுனி உப்பிப் போய்க் கிடக்கு. கராஜ்காரர் பிளக் டூப்ளிகேட் எண்டு சொல்லி வேற கொம்பனி போட்டார், அதுவும் அதே கதை. சில நாள் விடிய எழும்பிப் பார்த்தா பற்றரியும் செத்துக் கிடக்கு. ரெண்டுக்கும் தொடர்பு இருக்குமோ?

ஆம்பியர் (கோவை)

வான்காரன், இருக்குங்க. உங்க ரிலே ஒட்டிக்குது. கான்டாக்ட் பாயின்ட்ல தீப்பொறி பட்டுப் பட்டு, ஒரு நாள் வெல்டு மாதிரி ஒட்டிக்கும். காயிலுக்குக் கரன்ட் நின்னாலும் பாயின்ட் பிரியாது. பிளக் பாட்டுக்கு எரிஞ்சுட்டே இருக்கும். வண்டி ஓடறப்ப ஆல்டர்னேட்டர் கொடுத்துட்டே இருக்கறதால உங்களுக்குத் தெரியாது, பிளக்தான் சாகும். வண்டியை நிறுத்தின பிறகும் ஒட்டியிருந்தா நாலு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியர் கிட்ட உறிஞ்சும். 70 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி ரெண்டு மணி நேரம்கூடத் தாங்காது. சில நாள் ஒட்டும், ஒரு குலுக்கல்ல விட்டுரும். அதனாலதான் தினமும் பேட்டரி சாகலை.

பார்க்கிறது சுலபம். ஓட்டத்தை முடிச்சுட்டு வந்து, சாவியை உருவிட்டு, பிளக் பட்டையில வோல்ட் பாருங்க. பூஜ்யம் இருக்கணும். வேற எது காட்டினாலும் ரிலே ஒட்டியிருக்கு. என்ஜின் ஓடும்போதும் பாருங்க. சில வண்டியில ஸ்டார்ட் ஆன பிறகும் மூணு நிமிஷம் வரைக்கும் பிளக் போடும், புகையும் சத்தமும் குறையட்டும்னு. அது கோளாறு இல்லை. அஞ்சு நிமிஷம் கழிச்சும் பட்டையில வோல்ட் நின்னா அது கோளாறு.

ரிலே நல்லா இருந்தா இன்னும் மூணு விஷயம் பாக்கி. ஆல்டர்னேட்டர் 14.4 வோல்ட் தாண்டி 15க்கு மேல கொடுக்குதான்னு ஒண்ணு. நாசில் ஒழுகினாலும் டீசல் பீச்சுற டைமிங் முன்னாடி போயிருந்தாலும் நுனி கருகும், ஆனா அப்ப ஒண்ணு ரெண்டு பிளக்தான் போகும், நாலும் ஒண்ணாப் போகாது. மூணாவது, பிளக் மேல பொறிச்சிருக்கிற வோல்ட். பழைய டொயோட்டா என்ஜின்கள்ல 6 வோல்ட், 8.5 வோல்ட், 10.5 வோல்ட், 11 வோல்ட்னு விதவிதமா வந்திருக்கு. 6 வோல்ட் பிளக் எல்லாம் கன்ட்ரோலர் சில செகண்ட் மட்டும் முழு வோல்ட் கொடுத்துட்டு, அப்புறம் ஒரு ரெசிஸ்டர் வழியா குறைச்சுக் கொடுக்கிற ஏற்பாட்டுக்காகச் செஞ்சது. அதைச் சாதாரண 12 வோல்ட் ரிலேயில மாட்டினா கண் முன்னாடியே உருகும். மரை ஒண்ணுதான், உள்ள போய் உக்காந்துக்கும், அதனால கடைக்காரரும் கவனிக்க மாட்டார்.

தாத்தா, உங்க பட்டனைப் பத்தி அப்புறம் வர்றேன்.

பனிக்காட்டான் (கோத்தகிரி)

இன்னைக்கு விடிகாலையில அளந்தாச்சு. தம்பி சாவி போட்டான், நான் டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு மீட்டர் பிடிச்சேன்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5. பிளக் போட்டதும் 12.0. ரிலேக்கு வர்ற ஒயர்ல 11.9. ரிலேயில இருந்து போற ஒயர்ல 8.6. பட்டையில 8.5.

அப்புறம் பட்டைக்குப் போற ஒயரைக் கழட்டிட்டு அளந்தேன். அப்ப ரிலேக்கு அந்தப் பக்கமும் 12.4 காட்டுது! மெக்கானிக் இப்படித்தான் அளந்து "ஃபுல் வோல்ட் வருது பாரு"ன்னு எனக்குக் காட்டினார்.

ஆம்பியர் (கோவை)

கிடைச்சுருச்சுங்க. 11.9 உள்ள போகுது, 8.6 வெளிய வருது. 3.3 வோல்ட் ரிலேக்குள்ளயே தங்கிருச்சு. நல்ல ரிலேன்னா அங்க 0.2 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. ஒயரைக் கழட்டிட்டு அளந்தா மீட்டர் இழுக்கிற துளி கரன்ட்டுக்கு எந்தக் கருகின பாயின்ட்டும் வழி விடும், அதனால 12.4 காட்டத்தான் செய்யும். லோடு இல்லாம அளக்கிற வோல்ட்டுக்கு மதிப்பே இல்லைன்னு எங்க பட்டறைக்கு வர்ற பசங்ககிட்ட தொண்டை கிழிய சொல்லிட்டுதான் இருக்கேன்.

சூடு வோல்ட்டோட வர்க்கத்துக்குத் தக்கபடி போகும். 11.8 கிடைக்க வேண்டிய இடத்துல 8.5 கிடைச்சா சூடு பாதிதான். ஏழெட்டு செகண்ட்ல டைமர் லைட்டை அணைச்சிரும், பிளக் அப்பத்தான் மங்கலா சிவக்க ஆரம்பிச்சிருக்கும். அந்த 3.3 வோல்ட் எங்க போச்சுன்னா, 30 ஆம்பியர் ஓடுதுன்னே வச்சாலும் 100 வாட் ரிலேக்குள்ள சூடா மாறுது. உங்க வண்டியில அஞ்சாவது ஹீட்டர் பிளக் அந்த ரிலேதான். கை வச்சுப் பாருங்க, சுடும்.

லோடுமேன்

அஞ்சாவது ஹீட்டர் பிளக் 😂 டீ சூடு பண்ணலாம் போல.

ரிலேயைத் திறந்து பாயின்ட்டை எமரி பேப்பர்ல தேய்ச்சா ஓடாதா?

ஆம்பியர் (கோவை)

ஓடும், ஒரு வாரம். பாயின்ட் மேல இருக்கிறது வெள்ளிக் கலவைப் பூச்சு. தேய்ச்சா அது போயிரும், அடியில இருக்கிற செம்பு வெளிய வரும். அடுத்து அது சீக்கிரம் கருகும், இல்லைன்னா ஒட்டிக்கும். ஒட்டினா வான்காரனுக்கு வந்த கதைதான். அவசரத்துக்கு ஒரு நாள் தேய்ச்சு ஓட்டுங்க, தப்பில்லை.

மாத்தும்போது, ஹெட்லைட்டுக்குப் போடற 30, 40 ஆம்பியர் குட்டி ரிலேயைப் போட்டுராதீங்க. அது அளவுல ஒண்ணா இருக்கும், பின்னும் பொருந்தும். 70 ஆம்பியர்னு பொறிச்சது வேணும். நாலு பின் இருந்தா 30ல பேட்டரி, 87ல பட்டைக்குப் போற ஒயர், 85, 86 ரெண்டும் காயில். டைமரும் ரிலேயும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கிற மாடல்னா அப்படியே பெட்டியோடதான் மாத்தணும். ஸ்டார்ட்டர் சாலினாய்டு போடலாம்னு சிலர் சொல்வாங்க. அது சில செகண்ட் வேலைக்குச் செஞ்ச காயில், மூணு நிமிஷம் தொடர்ந்து கரன்ட் கொடுத்தா காயிலே வெந்துரும்.

பேட்டரிக்கும் ரிலேக்கும் நடுவுல பட்டை ஃபியூஸ் இருந்தா அதையும் கழட்டி வெளிச்சத்துல பாருங்க. பழைய பென்ஸ் டபிள்யூ123 மாடல் டீசல் கார்ல 80 ஆம்பியர் பட்டை ஃபியூஸ் மயிரிழையா விரிசல் விட்டிருக்கும். இடத்துல வச்சுப் பார்த்தா முழுசாத் தெரியும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. உங்க வண்டியில 12.0, 11.9னு வருதே, அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. ஆனா எப்படியும் ரிலேயில கை வைக்கிறீங்க, சேர்த்துப் பார்த்துருங்க.

கேள்விக்குறி (திருப்பூர்)

நல்ல இழை. என்னோடது புது காலத்து காமன் ரயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல டீசல் பீச்சுற) டீசல் கார். வண்டி நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகுது. ஆனா என்ஜின் லைட் எரியுது, ஸ்கேனர்ல பி0671னு கோளாறு கோடு (code) காட்டுது. யூடியூப்ல பிளக்கைக் கழட்டி ஜம்பர் ஒயர்ல பேட்டரிக்குக் கொடுத்து, நுனி சிவக்குதான்னு பார்க்கிறாங்க. நானும் அப்படிப் பார்க்கலாமா?

ஆம்பியர் (கோவை)

வேண்டாங்க, கையைக் கட்டிட்டு இருங்க. அந்தச் சோதனை பழைய 11 வோல்ட் பிளக்குக்கு. அதுல நுனியில இருந்து சிவந்து மேல ஏறணும், நடுவுல முதல்ல சிவந்தா பிளக் போச்சுன்னு அர்த்தம். உங்க காலத்து வண்டியில 4.4 வோல்ட், 5 வோல்ட், 7 வோல்ட் பிளக் எல்லாம் இருக்கு. கன்ட்ரோல் மாட்யூல் கரன்ட்டைப் படபடன்னு வெட்டி வெட்டிக் கொடுத்து, அளவாச் சூடாக்கும். நேரா 12 வோல்ட் கொடுத்தா உருகும். செராமிக் பிளக்னா வெடிச்சுச் சிதறும். கீழ போட்டாக்கூட செராமிக்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, பின்னாடி என்ஜினுக்குள்ள உடையும்.

பி0671ன்னா ஒண்ணாம் சிலிண்டர் பிளக் சர்க்யூட். 0672, 0673, 0674 மத்த மூணுக்கும். 0670 வந்தா மாட்யூல் பக்கம். கோடு சொல்றது சர்க்யூட்டை, பிளக்கை இல்லை. சாக்கெட், ஒயர், பிளக், மாட்யூல் எதுவா வேணாலும் இருக்கலாம். சாக்கெட்டைக் கழட்டிட்டு நாலு பிளக்கையும் ஓம்ஸ்ல பாருங்க. மூணு ஒரு ஓமுக்குள்ள காட்டி, ஒண்ணு மட்டும் ஓபன் (உள்ள கம்பி அறுந்தது) காட்டினா பிளக்தான். நாலும் ஒரே மாதிரி காட்டினா சாக்கெட்டுல பச்சை பிடிச்சிருக்கா, ஒயர் மாட்யூல் வரைக்கும் போய்ச் சேருதா பாருங்க. மாட்யூல் சந்தேகம் கடைசியிலதான், விலையும் கடைசி வரைக்கும் இழுக்கும்.

திருப்பூர் வெயிலுக்கு பிளக் இல்லாமலும் கார் கிளம்பும், அதனால விட்டுரலாம்னு தோணும். ஆனா டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) இருக்கிற சில கார்ல பிளக் கோளாறு கோடு நின்னா ஃபில்டரைச் சுத்தம் பண்ற ரீஜெனரேஷன் நடக்காது. ஃபில்டர் அடைச்சா செலவு பிளக் விலையில நிக்காதுங்க.

டீசல் தாத்தா (ஊட்டி)

காருக்கும் வானுக்கும் பதில் சொல்லிட்டே. என் பட்டனுக்கு இன்னும் பதில் வரலை.

ஆம்பியர் (கோவை)

தாத்தா, பட்டன்ல எனக்குப் பகை இல்லை. 60 ஆம்பியரைத் தாங்குற பட்டன், தடி ஒயர், பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ், இது மூணும் இருந்தாச் சரி. நான் பார்த்த வண்டியில பாதி ஹாரன் பட்டனும் ஃபியூஸ் இல்லாத ஒயருமா இருந்துச்சு. டேஷ்போர்டுக்குள்ள 60 ஆம்பியர் கொண்டு வந்தா, தகரத்துல ஒரு இடம் உரசினாப் போதும், வண்டி எரியும். அதுக்குப் பதிலா பட்டனை ரிலே காயிலுக்குக் கொடுத்தா ஒரு ஆம்பியர்கூட வராது, பெரிய கரன்ட் என்ஜின் பக்கமே நின்னுக்கும். டைமர் பெட்டி கிடைக்காத பழைய ஜீப்புக்கு நானே அப்படித்தான் மாட்டிக் கொடுக்கிறேன்.

இருபது எண்ணுறதும் பிளக்கைப் பொறுத்துத்தான். தானா கரன்ட்டைக் குறைச்சுக்கிற பிளக்குக்கு இருபது சரி. வேகமாச் சூடாகுற குறைஞ்ச வோல்ட் பிளக்குக்கு இருபது எண்ணினா சாவுதான்.

டீசல் தாத்தா (ஊட்டி)

ஃபியூஸ் போட்டுத்தான் இருக்கேன். ஹாரன் பட்டன் போடற பயலை நானும் பார்த்திருக்கேன்.

பனிக்காட்டான் (கோத்தகிரி)

70 ஆம்பியர் ரிலே மாட்டியாச்சு. இப்ப உள்ள 11.6, வெளிய 11.5. பழசைப் பிளந்து பார்த்தேன், பாயின்ட் ரெண்டும் கரி, நடுவுல குழி.

வித்தியாசம் நல்லாவே இருக்கு. ரெண்டாவது செல்ஃபுல பிடிக்குது. ஆனா பிடிச்ச பிறகு அரை நிமிஷம் போல நடுக்கம், ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் மாதிரி, வெள்ளைப் புகையும் கொஞ்சம். ஊர்ல ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட கிளாம்ப் மீட்டர் வாங்கி பட்டைக்குப் போற ஒயர்ல மாட்டினேன். போட்டதும் 49 காட்டி, இறங்கி 28ல நிக்குது.

ஆம்பியர் (கோவை)

49ஐ மூணால வகுத்தா 16, 28ஐ மூணால வகுத்தா 9. நாலால வகுத்தா ரெண்டுமே கம்மியா வருது. உங்க என்ஜின்ல மூணு பிளக்தான் வேலை செய்யுதுங்க.

பட்டையைக் கழட்டுங்க. டெஸ்ட் லேம்போட கிளிப்பைப் பேட்டரி பிளஸ்ல மாட்டுங்க, முனையால ஒவ்வொரு பிளக் தலையையும் தொடுங்க. எரியாதது எதுவோ அது செத்தது. இந்தச் சோதனை பிளக் ஓபனா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும், எவ்வளவு சூடாகுதுன்னு சொல்லாது. உங்களுக்கு இப்ப அது போதும்.

பனிக்காட்டான் (கோத்தகிரி)

நாலாவது. ஃபயர்வால் பக்கம், பம்புக்குப் பின்னாடி கை நுழையாத இடத்துல இருக்கிறது. டார்ச் அடிச்சுப் பார்த்தா மூணு பிளக் தலை பளபளன்னு இருக்கு, இது மட்டும் கன்னங்கரேல்னு கிரீஸ் பூசிக் கிடக்கு. மாத்தவே இல்லை! "நாலும் புதுசு"ன்னு நாலுக்குக் காசு.

லோடுமேன்

பில்லுல நாலு, என்ஜின்ல மூணு. நாலாவது எந்த வண்டியில ஓடுதோ.

டீசல் தாத்தா (ஊட்டி)

கழட்டப் பார்த்திருப்பான், இறுகியிருக்கும், உடைஞ்சா ஹெட் இறக்கணுமேன்னு பயந்து விட்டிருப்பான். பயந்தது தப்பில்லை. சொல்லாம விட்டதுதான் தப்பு. நீ அவசரப்பட்டு ஸ்பேனர்ல பைப்பை மாட்டித் திருகிடாதே.

ஆம்பியர் (கோவை)

தாத்தா சொல்றது சரி. முந்தின நாள் சாயங்காலமே பிளக் அடியில துருவை இளக்குற எண்ணெய் விட்டு ஊற விடுங்க. மறுநாள் வண்டியை நல்லா ஓட்டி, என்ஜின் சூடா இருக்கும்போது கழட்டுங்க. முதல்ல அந்தப் பிளக் மேல இருக்கிற சின்ன நட். பிளக்கை டார்க் ரெஞ்ச் வச்சுத் திருகுங்க. 12 மில்லி மரைக்கு 45 நியூட்டன் மீட்டர், 10 மில்லி மரைக்கு 35. அதைத் தாண்டியும் வரலைன்னா நிறுத்துங்க, திரும்ப எண்ணெய், திரும்பச் சூடு. கொஞ்சம் நகர்ந்ததும் ஒரேயடியா எடுக்காம முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி ஆட்டி எடுங்க. இம்பாக்ட் கன் கிட்டயே வரக் கூடாது.

வெளிய வந்ததும் துளையில கரி அடைச்சிருக்கும். ரீமர்ல (துளையைச் சுரண்டிச் சுத்தம் பண்ற டூல்) கிரீஸ் தடவி, கையால சுத்தி எடுத்தா கரி கிரீஸ்ல ஒட்டிட்டு வந்துரும். கரியோட புதுசைத் திணிச்சா நுனி சரியா உக்காராது, அடுத்த தடவை கழட்டவும் வராது. இறுக்கும்போது 12 மில்லிக்கு 22லிருந்து 25. தலையில வர்ற 4 மில்லி நட்டுக்கு 2 போதும், விரலால இறுக்கி ஒரு தட்டு. அதைப் பலமா முறுக்கினா உள்ள இருக்கிற கம்பி அறுந்து புதுப் பிளக்கே செத்துரும்.

வான்காரன் (யாழ்ப்பாணம்)

அண்ணை, உங்கட சொல்லுக்குப் பார்த்தன். ஓட்டம் முடிச்சு வந்து திறப்பைக் கழட்டின பிறகும் பட்டையில 12.3 நிக்குது. ரிலேக்கு ஸ்குரூட்ரைவர் பிடியால ஒரு தட்டு தட்டினன், 'டக்' எண்டு விட்டுட்டுது. பிளக்கில 11 வோல்ட் எண்டுதான் பொறிச்சிருக்கு, சார்ஜிங் 14.2. ரிலேதான்.

இன்னொண்டு. லைட் வந்து ஒரு செகண்டில அணையுது. என்ஜின் நல்லாக் குளிர்ந்து கிடக்கேக்கையும் அப்பிடித்தான். அது பரவாயில்லையோ?

ஆம்பியர் (கோவை)

பரவாயில்லைன்னு விடாதீங்க. எவ்வளவு நேரம் பிளக் போடணும்னு கன்ட்ரோலருக்குச் சொல்றது தண்ணி டெம்பரேச்சர் சென்சார். குளிர்ந்த என்ஜினைச் சூடா இருக்குன்னு அது சொன்னா ஒரு செகண்ட்ல நிறுத்திரும். நிறைய வண்டியில அந்த சென்சார் 20 டிகிரியில 2,500 ஓம் பக்கம், 80 டிகிரியில 300 ஓம் பக்கம் காட்டும். சாக்கெட்டைக் கழட்டி விடிய ஒரு தடவை அளங்க. குளிர்ந்த என்ஜின்ல சில நூறு ஓம்தான் காட்டுதுன்னா சென்சாரை மாத்துங்க. டேஷ்போர்டு கேஜுக்குப் போற சென்சார் வேற, கன்ட்ரோலருக்குப் போறது வேற, பக்கத்துப் பக்கத்துல இருக்கும். முதல்ல ரிலேயை மாத்திட்டு இதுக்கு வாங்க.

பனிக்காட்டான் (கோத்தகிரி)

வந்துருச்சு! ராத்திரி பூரா ஊற வச்சு, காலையில ஊருக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிட்டுக் கழட்டினேன். 40 கிட்ட 'கிர்ர்'னு ஒரு சத்தம், உயிர் போய் உயிர் வந்துச்சு. ஆட்டி ஆட்டி எடுத்தாச்சு. துளையில கரி கெட்டிப் பட்டிருந்தது. புதுப் பிளக் போட்ட பிறகு கிளாம்ப் மீட்டர்ல 65 ஏறி 37ல நிக்குது. இன்னைக்கு விடிகாலை உறைபனியோடயே முதல் செல்ஃபுல பிடிச்சது, நடுக்கம் இல்லை. பிளக் காசு பத்தி மெக்கானிக்கிட்ட நாளைக்குப் பேசணும், அது வேற இழை.

டீசல் தாத்தா (ஊட்டி)

நல்லது தம்பி. இனி ஒரு நாள் புகையே இல்லாம செல்ஃப் மட்டும் சுத்துச்சுன்னா ஹீட்டர் பிளக் பக்கம் போகாதே. ஃபில்டர் மேல இருக்கிற கை பம்பை நாலு அமுக்கு அமுக்கிப் பாரு. அதுக்கப்புறம் பிடிச்சா ராத்திரியில டீசல் டாங்குக்கே திரும்பி இறங்குது, எங்கயோ காத்து இழுக்குது. பழைய ஜீப்புக்கு இது ரெண்டும் மாறி மாறி வரும்.

ஆம்பியரு, அந்தக் கிளாம்ப் மீட்டர் எப்படிப் பார்த்து வாங்கணும்? என் பேரன் வீட்டு ஒயரிங் வேலைக்கு வச்சிருக்கிறது ஒண்ணு இருக்கு. மாட்டிப் பார்த்தேன், பூஜ்யம் காட்டுது.

ஆம்பியர் (கோவை)

அது ஏசி மட்டும் அளக்கிறதுங்க தாத்தா, பேட்டரி கரன்ட்டுக்கு எப்பவும் பூஜ்யம்தான் காட்டும். டிசி ஆம்பியரும் அளக்கும்னு போட்டிருக்கணும், 100 ஆம்பியராவது தாங்கணும். மாட்டறதுக்கு முன்னாடி பூஜ்யம் வைக்கிற பட்டனை ஒரு தடவை அமுக்குங்க, இல்லைன்னா ரெண்டு மூணு ஆம்பியர் சும்மாவே காட்டும். ஒயரைச் சுத்தி மாட்டினாப் போதும், எதையும் கழட்ட வேண்டியதில்லை. உங்க பட்டன் ஒயர்லயும் மாட்டிப் பார்த்து, எவ்வளவு காட்டுதுன்னு இங்க எழுதுங்க.